சிற்றுண்டிச் சாலையின் முகக்களை

ஹோட்டல் வைப்பது எளிது. அதில் ஜனங்களை உட்கார வைப்பதுதான் கடினம். நல்ல சமையற்காரரைச் சம்பளத்துக்குப் பிடித்துவிடலாம். அரிசியும் பருப்பும் கடனுக்குக்கூடக் கிடைக்கும். ஆனால் சாலையோடு போகிற ஒருவர், 'சற்று இங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவோம்' என்று எண்ணும்படியான ஒரு களையை அந்த இடத்துக்கு உண்டாக்குவது எப்படி? இதற்கு விடை காணாமல், இருக்கிற பணத்தையெல்லாம் கண்ணாடியிலும் வண்ண விளக்கிலும் கொட்டிவிட்டுக் கல்லாப் பெட்டியின் முன் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் முதலாளிமார் நம் நாட்டில் அநேகர்.

தர்மபுரி ஜில்லாவுக்கு இந்தக் கேள்வி மிகவும் நெருங்கியது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கிருஷ்ணகிரிக்கும் சேலத்துக்கும் இடையே நம் ஜில்லாவை ஊடுருவிக்கொண்டு தொப்பூர்க் கணவாயில் இறங்குகிறது. பெங்களூரில் விடியற்காலை புறப்பட்டுத் தெற்கே போகிறவருக்குப் பசியெடுப்பது ஏறக்குறைய இங்கேதான். ஆகவே சாலையின் இரு மருங்கிலும் உணவு விடுதிகள் முளைத்திருக்கின்றன. ஓடுகிற வண்டியிலிருந்து பார்ப்பவருக்குச் சாம்பாரின் ருசி தெரியாது. இட்லியின் மென்மை தெரியாது. அவர் கண்ணுக்குப் படுவது விடுதியின் முகம் ஒன்றே. அந்த முகத்தைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவதா, விடுவதா என்று நொடிப்பொழுதில் முடிவு செய்கிறார்.

முகத்துக்குப் பூச்சு வேறு, களை வேறு. பூச்சு கடையில் விற்கும், களை விற்காது. உள்ளே வருகிறவர் எவராயினும் அவர் கூச்சமின்றி நுழையவும், நிம்மதியாக உண்ணவும், மரியாதை குறையாமல் எழுந்து போகவும் இடம் இருக்கிறதா என்பதே ஒரு விடுதியின் களை. மற்ற அலங்காரமெல்லாம் அதற்குப் பிற்பாடுதான்.

அந்தக் காலத்து அலங்காரம்

பழைய காப்பி ஹோட்டல்களைப் பற்றிப் பெரியவர்கள் ஆசையோடு பேசுவார்கள். சலவைக்கல் பதித்த மேஜைகள், வளைந்த முதுகுடைய மர நாற்காலிகள், சுவரில் நிலைக்கண்ணாடிகள், ரவிவர்மாவின் அச்சகத்தில் 1894-ஆம் ஆண்டிலிருந்து அச்சாகிப் பரவிய லக்ஷ்மி, சரஸ்வதி படங்கள், அவற்றுக்கு மாலை, ஊதுவத்தி மணம், உள்ளேயிருந்து காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை என்று எல்லாம் சேர்ந்து ஒரு சூழ்நிலையை உண்டாக்கின என்பதில் ஐயமில்லை. வீட்டில் சலவைக்கல் மேஜையைக் கண்டிராத குமாஸ்தாவும் இரண்டணா கொடுத்து அரைமணி நேரம் அதன் முன் அமர்ந்து ஜமீன்தாரைப் போல நிமிரலாம். அந்த மேஜை சோற்றுக்காக மட்டும் போடப்பட்டதன்று, மதிப்புக்காகவும் போடப்பட்டது.

ஆனால் அதே கூடத்தில் அந்த மதிப்பை மறுக்கும் அலங்காரமும் இருந்தது. பெயர்ப்பலகையில் ஜாதி எழுதியிருந்தது. பல இடங்களில் பிராமணருக்கு ஒரு கூடம், மற்றவருக்கு மற்றொரு கூடம். தாழ்த்தப்பட்டவர்களுக்குக் கூடமே இல்லை. ரெயில்வே நிலையங்களிலும் இதே பிரிவினை நடந்தது. ஹிந்துக்களுக்கு ஒரு தண்ணீர்ப்பானை, முஸ்லிம்களுக்கு ஒரு பானை என்றுகூட வைத்திருந்தார்கள். சுவரில் எத்தனை அழகான படம் மாட்டினாலும், வாசலில் ஒருவனைத் தடுத்து நிறுத்துகிற சாலைக்கு எங்கேயிருந்து களை வரும்?

தேசம் விடுதலை பெற்றபின், 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் ஹோட்டல்களிலும் ஜாதி, மதம், பிறப்பிடம் முதலியவற்றைக் காட்டி எவரையும் தடுக்கலாகாது என்று வெளிப்படையாகவே கூறிற்று. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதைத் தண்டிக்கச் சட்டம் வந்தது. அப்படியிருந்தும் பெயர்ப்பலகைகள் மறையவில்லை. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் ஹோட்டலின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கவேண்டுமெனப் பெரியார் ஈ. வெ. ராமசாமி தொடர்ந்து கிளர்ச்சி நடத்தினார். தொண்டர்கள் நாள்தோறும் சிறை சென்றார்கள். ஒரு பலகையில் உள்ள ஒரு சொல்லுக்காகவா இவ்வளவு என்று கேட்கத் தோன்றும். ஆம், ஒரு விடுதியின் சூழ்நிலை அதன் பலகையில்தான் தொடங்குகிறது. யாரை வரச் சொல்கிறது, யாரை வரவேண்டாமென்கிறது என்பதைப் பலகையே முதலில் பேசிவிடுகிறது.

கண்ணும் காதும் மூக்கும்

வருகிறவரை வரவேற்றாயிற்று. உட்கார்ந்தவரை நிம்மதியாக உண்ண வைப்பது எப்படி? இதை இப்போது ஒரு சாஸ்திரமாகவே ஆராய்கிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் பிலிப் கோட்லர் 1973-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில், வாங்குகிறவர் பொருளை மட்டும் வாங்குவதில்லை, அது விற்கப்படும் இடத்தின் சூழலையும் சேர்த்தே வாங்குகிறார் என்று எடுத்துக்காட்டினார். ரொனால்டு மில்லிமன் என்பவர் ஓர் உணவகத்தில் சங்கீதத்தை வைத்துச் சோதனை நடத்தி 1986-இல் முடிவை வெளியிட்டார். மெதுவான இசை ஒலித்தபோது விருந்தினர் சுமார் 56 நிமிஷம் தங்கினார்கள். துரிதமான இசை ஒலித்தபோது சுமார் 45 நிமிஷத்தில் எழுந்து போனார்கள். உணவுக்குச் செலவிட்டதில் பெரிய வித்தியாசமில்லை. பானங்களுக்குச் செலவிட்டதில்தான் வித்தியாசம் தெரிந்தது.

இதிலிருந்து நம் ஊர் முதலாளி கற்கவேண்டியது யாது? எல்லாக் கூடத்துக்கும் ஒரே இசை பொருந்தாது என்பதே. பஸ் நிலையத்தண்டை இருக்கும் விடுதிக்கு வருகிறவர் ஒரு காதைக் கண்டக்டரின் விசிலுக்குக் கொடுத்துவிட்டு உண்கிறவர். அவருக்கு வேண்டியது வேகம், தெளிவான விலைப்பட்டியல், நேர்வழி. நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு காரில் வருகிறவருக்கு வேண்டியது ஆறுதல், நிழல், குழந்தையை இறக்கிவிட இடம். தன்னிடம் வருகிறவர் யார் என்று தெரிந்துகொள்ளாமல் கூடத்தை அலங்கரிப்பது, மணமகளைப் பாராமலே நகைக்கு அளவு கொடுப்பது போன்றது.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிரானைட் மேஜை, பளிங்குபோன்ற தரை, கண்ணாடிச் சுவர் எல்லாம் துடைக்க வசதிதான். ஆனால் கடினமான பரப்பு ஒலியை விழுங்காது, திருப்பியடிக்கும். நாற்பது பேர் பேசுகிற கூடத்தில், பாத்திரம் போடும் ஓசையும் சேர்ந்து, ஒருவர் பேசுவது எதிரிலிருப்பவருக்குக் கேளாமற் போகிறது. அதை மீறித் தொலைக்காட்சி வேறு அலறுகிறது. கூரையின் உட்புறம் கோரைப்பாயோ, தென்னை நார்ப் பாயோ பொருத்தி, ஜன்னல்களில் மூங்கில் தட்டியும் கதர்த் திரையும் தொங்கவிட்டால் பாதி இரைச்சல் அடங்கும்.

வெளிச்சமும் அப்படியே. வெள்ளை வெளேரென்ற குழல்விளக்கில் உணவும் முகமும் வெளிறித் தோன்றும். விளக்கின் பெட்டியிலேயே அதன் நிறம் கெல்வின் கணக்கில் அச்சிட்டிருக்கும். 2,700 முதல் 3,000 வரை உள்ளது அகல் விளக்கின் பொன்னிறத்தைத் தழுவியது; சாப்பிடும் மேஜைக்கு அதுவே ஏற்றது. சமையற்கட்டுக்கும் கை கழுவும் இடத்துக்கும் வெண்ணிற ஒளி வேண்டும். அங்கே அழகைவிட அழுக்குத் தெரிவதே முக்கியம். காற்றைப் பொறுத்தவரை ஒரு விதி போதும்: கூடத்திலிருந்து அடுக்களைக்குக் காற்று போகவேண்டும், அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வரலாகாது. புகையை வெளியே இழுக்கும் விசிறி சரியாக இல்லாத விடுதியில், சாப்பிட்டு வந்தவரின் சட்டை மறுநாளும் தாளித்த வாசனை வீசும்.

அளவுகளும் உண்டு. நாற்காலிக்கும் மேஜைக்கும் உயர வித்தியாசம் ஓரடியளவு இருந்தால் கை சிரமமின்றி எழும். வாழையிலை போட்டுச் சாப்பிடுகிறவருக்கு இரண்டடி அகலம் குறையாமல் வேண்டும். பக்கத்து இலையில் முழங்கை படுமானால் பாயசம் இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன? எல்லாவற்றுக்கும் மேலாக, கை கழுவுமிடம் உண்பவர் கண்ணெதிரே இருக்கலாகாது. ஒருவர் கொப்பளிப்பதைப் பார்த்துக்கொண்டே மற்றொருவர் ரசம் சாதம் உண்பது நம் ஊர் விடுதிகளில் சர்வசாதாரணம். மார்பளவுச் சுவர் ஒன்றும், வழுக்காத தரையும், உலர்ந்த துண்டும் போதும். இந்தக் குறை தீரும்.

மூன்று கூடங்கள்

பெரும்பொருள் செலவிடாமலே பெயர் பெற்ற மூன்று இடங்களை இங்கே நினைவுகூரலாம். மூன்றும் நமக்குத் தொலைவல்ல.

முதலாவது, பெங்களூரின் மாவள்ளி டிபன் ரூம். 1924-இல் தொடங்கிய இந்தச் சாலையின் உரிமையாளர்களில் ஒருவரான யக்ஞநாராயண மையா 1951-இல் ஐரோப்பாவுக்குச் சென்று அங்குள்ள உணவகங்களின் சுத்தத்தைக் கண்டு வந்தார். அவர் அங்கிருந்து கொண்டுவந்தது அலங்காரத்தையன்று, ஒழுங்கை. சாப்பிட வருகிறவர்கள் அடுக்களையைப் பார்த்துக்கொண்டே கூடத்துக்குப் போகும் வழக்கம் அங்கே ஏற்பட்டது. மறைக்க ஒன்றுமில்லை என்று காட்டுவதைவிடப் பெரிய விளம்பரம் வேறென்ன?

இரண்டாவது, சென்னை கதீட்ரல் ரோட்டில் 1962-இல் திறந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். அங்கே அலங்காரம் மரங்கள்தாம். நிழலில் காரை நிறுத்தினால் தட்டு காருக்கே வந்துவிடும். காரில்லாதவரும் கொட்டகையில் அமர்ந்து ஒரு காப்பியோடு மணிக்கணக்காகப் பேசலாம்; யாரும் எழுந்திருக்கச் சொல்லமாட்டார்கள். 2008-இல் அது மூடப்பட்டபோது நகரவாசிகள் உறவினரை இழந்தவர்களைப் போல வருந்தினார்கள். அந்த இடத்தில்தான் 2010-இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது.

மூன்றாவது, திருவனந்தபுரம் தம்பானூரில் இருக்கும் இந்தியா காப்பி ஹவுஸ். காப்பி போர்டு தன் காப்பிச் சாலைகளை மூடியபோது வேலையிழந்த சிப்பந்திகள், ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் 1957 முதல் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து தாங்களே நடத்தும் ஸ்தாபனம் இது. தம்பானூர்க் கட்டடத்தை அமைத்தவர் லாரி பேக்கர். செங்கற்களால் ஆன ஒரு வட்டக் கோபுரம். உள்ளே படிக்கட்டுக்குப் பதிலாகச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒரே சரிவுப் பாதை. அதன் ஓரமாகச் சுவரோடு சேர்த்துக் கட்டிய மேஜைகளும் இருக்கைகளும். சுவரில் செங்கல் இடைவெளிகள் வழியே வெளிச்சமும் காற்றும் வருகின்றன. குளிர்சாதனம் வேண்டியதில்லை. தனி அறையும் இல்லை, உயர்ந்த வகுப்பும் இல்லை. ஒரே பாதையில் வக்கீலும் ஆட்டோ ஓட்டுபவரும் வரிசையாக அமர்கிறார்கள். கட்டடமே சமத்துவத்தைப் போதிக்கும்போது பலகை எதற்கு?

நம் ஊரின் பெயர்

இனி நம் ஜில்லாவுக்கு வருவோம். தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் பித்தளை டவரா தம்ளரை வரிசையாக அடுக்கி, 'கும்பகோணம் டிகிரி காப்பி' என்று பலகை மாட்டிய கடைகளைக் காணாதவர் இலர். ஒரே ஒரு பாத்திரம் ஓர் ஊரின் பெயரைச் சாலையெங்கும் பரப்பிவிட்டது. சாமர்த்தியந்தான். ஆனால் காவேரிக் கரை ஊரின் காப்பியையும் செட்டிநாட்டின் குழம்பையும் வடநாட்டுத் தாபாவின் கயிற்றுக் கட்டிலையும் விற்கும் நம் விடுதிகளில், தர்மபுரி எங்கே இருக்கிறது? சில இடங்களில் சுவர் முழுவதும் பாரிஸ் கோபுரத்தின் படம் ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கவா ஒருவர் பெங்களூரிலிருந்து வருகிறார்?

நம்மிடம் இல்லாதது என்ன? கேழ்வரகு நம் மண்ணின் தானியம். 2023-இல் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு முதலில் தொடங்கிய இரண்டு ஜில்லாக்களில் தர்மபுரி ஒன்று, மற்றது நீலகிரி. பென்னாகரத்துப் பக்கமும் சித்தேரி மலையிலும் சாமை விளைகிறது. சூடான களியும் கீரைக் குழம்பும், வேர்க்கடலைச் சட்னியும், சாமைச் சோறும், புளி கரைத்த ரசமும் நம் வீடுகளில் அன்றாட உணவு. விடுதிகளிலோ அவற்றை ஏழையின் உணவென்று ஒதுக்கி வைத்தார்கள். இப்போது நகரத்து வைத்தியர்கள் சிறுதானியம் உண்ணச் சொல்லுகிறார்கள். நகரத்தார் அதைத் தேடி அலைகிறார்கள்.

அலங்காரமில்லாமல் ஜனங்களை இழுக்கும் இடத்தைக் காண ஒகேனக்கலுக்குப் போனால் போதும். அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பசியோடு வருகிறவர்களுக்கு, ஆற்றோரத்தில் பெண்கள் அடுப்பு மூட்டி மீன் வறுத்துத் தருகிறார்கள். மீனை வாங்கிக் கொடுத்தால் கண்ணெதிரே கழுவி, மசாலா தடவி, குழம்பும் வைத்துக் கொடுப்பார்கள். பாறை, தண்ணீர் ஓசை, மீன் பொரியும் மணம், சமைப்பவரின் கை ஆகிய நான்கும் சேர்ந்த சூழ்நிலையை எந்த நிபுணர் விலைக்கு வாங்கித் தரமுடியும்? அவர்களுக்கு நிழலும் நல்ல தண்ணீரும் குப்பை போட இடமும் செய்து கொடுப்பதே நாம் சேர்க்கவேண்டிய அலங்காரம்.

இதையே கூடத்துக்குள்ளும் செய்யலாம். காவி பூசிய சிமெண்டுத் தரை, வருடங்கள் செல்லச் செல்ல மெருகேறும். கருங்கல் நம் ஊரில் கிடைக்கிறது. சுட்ட மண் பானையில் குடிநீர் வைக்கலாம். 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. வாழையிலையும் மந்தாரை இலையும் மறுபடி மதிப்புப் பெற அது நல்ல தருணம். சுவருக்குப் படம் வேண்டுமானால், ஒகேனக்கலின் பரிசல் இருக்கிறது. பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்பக் கனவு கண்டு 1925-இல் அங்கேயே உயிர் நீத்த சுப்பிரமணிய சிவாவின் திருவுருவம் இருக்கிறது. ஒன்று மட்டும் வேண்டாம்: ஊர் காத்து மடிந்தவர்களுக்கு நட்ட நடுகற்களைப் போலப் பொம்மை செய்து வாசலில் வைப்பது. அவை வணங்குவதற்குரியவை, வாடிக்கை பிடிப்பதற்குரியவை அல்ல.

யார் உட்காரலாம்?

இவ்வளவும் செய்தபின் வாசலைத் திரும்பிப் பார்க்கவேண்டும். தனியாக வருகிற ஒரு பெண் தயங்காமல் நுழைகிறாளா? அந்தக் காலத்தில் அவளுக்குத் திரை போட்ட 'குடும்ப அறை' ஒன்றைக் கொடுத்து மறைத்து வைத்தார்கள். இன்று வேண்டியது திரையன்று. வெளிச்சமான கூடம், தாழிடக்கூடிய சுத்தமான கழிவறை, உற்றுப் பாராத பரிசாரகர். நெடும் பிரயாணம் செய்யும் பெண்கள் உணவைக் கேட்டு விடுதியைத் தேர்ந்தெடுப்பதில்லை; கழிவறையைக் கேட்டே தேர்ந்தெடுக்கிறார்கள். இதை அறியாத முதலாளி ஒரு குடும்பம் முழுவதையும் இழக்கிறார். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமாகச் சரிவு கட்டவேண்டும் என்பது விதி. தள்ளாத பாட்டிக்கும் அதுவே உதவும்.

பரிமாறுகிறவரையும் மறக்கலாகாது. காலை முதல் இரவு வரை நின்றே கால் வீங்கும் பையனின் முகத்தில் புன்னகை எங்கிருந்து வரும்? கடைகளிலும் ஸ்தாபனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டுமெனத் தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. வருகிறவருக்கு மெத்தை நாற்காலி போட்டவர், தருகிறவருக்கு ஒரு முக்காலியாவது போடவேண்டாமா?

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் தம்ளர். தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகள் பலவற்றில் ஜாதிக்கொரு குவளை வைத்திருந்த கொடுமை, சட்டம் வந்து பல்லாண்டுகளுக்குப் பின்னும் தொடர்ந்தது. ஹோட்டலில் மட்டுமா? 2024-ஆம் ஆண்டில் நம் ஜில்லாவிலேயே, வயலில் கூலி வேலைக்கு வந்த தாழ்த்தப்பட்ட பெண்களுக்குக் கொட்டாங்கச்சியில் தேநீர் கொடுத்த செய்தி நாடெங்கும் பரவிற்று. போலீஸார் கைது செய்தார்கள். வேர்வை சிந்தி உழைத்தவர் கையில் கொட்டாங்கச்சியைக் கொடுக்கும் மண்ணில், பித்தளை டவராவை எவ்வளவு பளபளப்பாகத் துலக்கினால்தான் என்ன? அலங்காரத்துக்கு முதற்செலவு செய்ய நினைக்கும் முதலாளி ஒரே மாதிரியான தம்ளர்களை வாங்கட்டும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கழுவட்டும். கழுவுவதை எல்லாரும் காணும்படி செய்யட்டும். அதற்கு அதிகச் செலவில்லை. ஆனால் அதைவிட மேலான அழகு ஒரு கூடத்துக்கு வேறில்லை.

தகடூர் என்று பழம்பெயர் பெற்றது நம் தர்மபுரி. அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, எத்தனை நாள் எத்தனை பேரோடு சென்றாலும் முதன்முறை வந்தவர்களைப் போலவே வரவேற்றான் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். வாடிக்கைக்காரரை மீண்டும் மீண்டும் வரவழைக்கும் இரகசியத்தை இதைவிடத் தெளிவாக எந்த வியாபார நூலும் சொல்லவில்லை. அந்த ஊரில் விடுதி நடத்துகிறவர்கள், கூரையில் என்ன விளக்குத் தொங்கவிடலாம் என்று யோசிப்பதற்கு முன், வாசலில் நின்று வருகிறவர்களின் முகங்களைப் பார்க்கட்டும். யார் முகத்தில் தயக்கம் தெரிகிறதோ, அந்தத் தயக்கத்தை நீக்கும் வேலையிலிருந்து தங்கள் அலங்காரத்தைத் தொடங்கட்டும்.